எண்ணி நடப்பவரைக் கூப்பிடக் கூடாது

என் பிறந்தநாளுக்கு மகள் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். மணி காட்டுவதைவிட என்னை வேவு பார்ப்பதில்தான் அதற்கு அக்கறை. தூங்கினேனா, நெஞ்சு ஒழுங்காக அடித்ததா, எத்தனை காலடி வைத்தேன் என்று எல்லாம் அதற்குத் தெரியும். தூரம் மட்டும் தெரியாது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெருமுனை வரை நடந்து வந்தால், அது சொல்லும் தூரத்துக்கும் உண்மைத் தூரத்துக்கும் நடுவில் ஒரு தோப்பே வைக்கலாம். காரணம் ரொம்பச் சாதாரணம். என் உயரத்தைக் கேட்டது, எடையைக் கேட்டது, என் எட்டு எவ்வளவு நீளம் என்று மட்டும் கேட்கவே இல்லை. அதுவாக ஒன்றை முடிவு செய்துகொண்டது.

இதை வேடிக்கையாக, நில அளவைத் துறையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வம்பாகப் போயிற்று. "மேடம், நீங்க தப்படி வெச்சே, எட்டை எண்ணியே தூரம் சொல்லுவீங்களாமே, அதை எழுதுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கையில் இருப்பது செயற்கைக்கோளோடு பேசும் கருவி. கம்பத்தை ஊன்றினால் நிற்கும் இடம் தெரிந்துவிடும். நல்ல கருவி, என் முழங்கால் தேய்ந்த பிறகு வந்து சேர்ந்தது என்பதுதான் எனக்கு அதன்மேல் இருக்கும் ஒரே கோபம். ஆகவே பழைய காலத்தைப் புகழ்ந்து பாட நான் உட்காரவில்லை. ஒரு நாள் நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நெஞ்சில் கிடக்கிறது. பிள்ளைகள் கேட்டது நல்ல சாக்கு.

வாலிகண்டபுரத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டே காலம் கழித்தவர்கள். அந்த வீட்டுப் பெண் நிலம் அளக்கும் வேலைக்குப் போகிறாள் என்று ஆர்டர் வந்தபோது, என் அப்பா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார். பயிற்சியில் அளவுச் சங்கிலி பிடிக்கவும் புலப்படம் வாசிக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். தேர்வு எழுதினேன், தேறினேன், ஜெயங்கொண்டம் பக்கம் போட்டார்கள். அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் தங்கராசு சார்.

உயரமான, ஒல்லியான மனிதர். சட்டைக் காலருக்கு அடியில் எப்போதும் ஒரு கைக்குட்டை. டயர் செருப்புதான் போடுவார், அதுவும் ஒரே கடையில் வாங்கியது. செருப்பு மாறினால் தப்படி மாறிவிடுமாம். பேச்சு ரொம்பக் கம்மி. திட்ட மாட்டார், தப்புச் செய்தவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "மறுபடி நடம்மா" என்பார். வெயிலில் நாலாவது முறை அதைக் கேட்கும்போது, இவர் திட்டியே தொலைக்கலாம் என்றிருக்கும்.

தப்படி என்பது அளவை இல்லை. இதைப் பிள்ளைகள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அளப்பது சங்கிலிதான். ஆனால் காட்டில் சங்கிலி போடுவதற்கு முன்னால், பழைய எல்லைக் கல் எந்த முள்ளுப் புதருக்குள் புதைந்து கிடக்கிறது என்று தெரிய வேண்டுமே. படத்தில் இருக்கும் தூரத்துக்குக் காலால் நடந்து போய் நின்றால், கல் அந்த நாலு அடிக்குள் எங்கோ இருக்கும். அங்கே கடப்பாரையைப் போட வேண்டியது. "தப்படி தூரத்தைச் சொல்லாதும்மா, எங்க தோண்டணும்னு சொல்லும்" என்பார் சார்.

அதற்கு முதலில் நம் காலை நாம் அளக்க வேண்டும். சமதரையில் சங்கிலி போட்டு இரண்டு முனையிலும் முளை அடித்துவிடுவார். போய் வர, போய் வர நடந்து, எட்டு எத்தனை என்று எண்ண வேண்டும். அதோடு விடமாட்டார். உழுத வயலில் ஒரு முறை, வரப்பில் ஒரு முறை, மேட்டில் ஏறி ஒரு முறை, காலையில், சாப்பிட்ட பிறகு, கையில் கடப்பாரையோடு. ஒவ்வொன்றுக்கும் எட்டின் நீளம் வேறு வேறாக வரும். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகிறோம் என்று பார்ப்பது. நடுவில் எண்ணிக்கை தவறிப்போனால், நடந்த நேரத்தை வைத்து மீட்டுக்கொள்ளலாம். சாருக்கு நூறு எட்டு வைக்கக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகும். அது கூடிக் குறைந்து நான் பார்த்ததில்லை. அவருடைய நூறு எட்டு, என் நூற்றுப் பதினைந்து. கூடவே நடந்து நடந்து இது எனக்கு மனப்பாடம்.

நூறு முடிந்ததும் நிற்காமலேயே வலது குதிகாலைத் தரையில் அழுத்தி ஒரு திருகு திருகுவார். மண்ணில் சின்னக் குழி விழும். அடுத்த நூறுக்கு இன்னொன்று. எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்க் குழிகளை எண்ணிக்கொள்ளலாம். வேறு யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கற்றுக்கொள்ள முயன்று நான் கணுக்கால் பிசகிக்கொண்டதுதான் மிச்சம்.

எல்லாவற்றையும்விடக் கண்டிப்பான சட்டம் ஒன்று இருந்தது. எண்ணி நடக்கும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது, பதில் சொல்லக் கூடாது. எண்ணுகிறவரை யாரும் கூப்பிடவும் கூடாது. முன்னால் இருக்கும் கல்லைத் தொட்ட பிறகுதான் பேச்சு. புதிதாக வந்த சங்கிலிக்காரர் ஒருவர், பாம்பு கிடக்கிறது என்று சாரின் தோளைத் தொட்டுவிட்டார். சார் அந்தக் கையை உதறிய வேகத்தில் அவர் வரப்பிலிருந்து வயலுக்குள் விழுந்தார். பாம்பும் பயந்து ஓடிப்போனது. இந்தப் பழக்கம் என்னையும் தொற்றிக்கொண்டது. "இவகூடக் கடைத்தெருவுக்கு நடந்து போறதும் ஒண்ணு, தனியாப் போறதும் ஒண்ணு" என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்வார்.

சேர்ந்த சில வாரங்களில் சார் எனக்கு ஒரு வேலை வைத்தார். ஜெயங்கொண்டத்தைத் தாண்டி ஒரு பெரிய முந்திரித் தோப்பு. காய்ப்பு முடிந்த பருவம். காவலுக்குக்கூட ஆள் இல்லை. தோப்பை நேராக ஊடுருவி ஒரு வண்டித் தடம் போகும். உச்சிப் பொழுதில், கூட யாரும் இல்லாமல், அந்தத் தடத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எண்ணிக்கொண்டு வரச் சொன்னார். அவர் பைக்கில் சுற்றிப் போய் மறுமுனையில் நின்றுகொண்டார்.

உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே காற்று நின்றுவிட்டது. முந்திரிச் சருகு தரை முழுக்கக் கிடந்தது. நான் வைக்கும் ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு சரக். அந்தச் சரக்குக்குப் பின்னால் இன்னொரு சரக். மிதிபட்ட சருகு நிமிரும் சத்தம் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். பாதித் தூரத்தில் அது எனக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது போலிருந்தது. அப்போது யாரோ என் பெயரைச் சொல்லி, "செல்வி" என்று கூப்பிட்டார்கள். சத்தமாக இல்லை. வீட்டில் அடுத்த அறையில் இருந்து கூப்பிடுவது போல, சாவகாசமாக. எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது. சட்டம் இருந்ததால் திரும்பவில்லை. திரும்பியிருக்க மாட்டேன் என்று வீரம் பேச முடியாது. வேலை போய்விடுமோ என்ற பயம் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

வெளியே வந்து எண்ணிக்கையைச் சொன்னேன். தடத்தின் நீளம் தெரிந்த சார் மனக்கணக்குப் போட்டார்.

"பாதிக்கு மேல பயந்துட்டே."

"இல்லீங்க சார், நான் திரும்பவே இல்ல."

"திரும்பலைன்னு தெரியுதும்மா. ஆனா எட்டு குறுகிப்போச்சு. உனக்குத் தெரியாமயே குறுகும். பயந்தவங்க எல்லாருக்கும் அப்படித்தான், காலுக்கு மொதல்ல தெரிஞ்சுடும். உனக்கு நூத்துக்கு ஏழு பயக் கழிவு. தனியா நடக்குறப்ப அதைக் கழிச்சுக்கோ."

பயக் கழிவு. இந்தச் சொல்லை வேறெங்கும் நான் கேட்டதில்லை. அவரே உண்டாக்கியதாகத்தான் இருக்க வேண்டும்.

"உங்களுக்கு எவ்ளோ சார்?"

"எனக்கு இல்லம்மா" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை, கண்ணாடி போடவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"நீங்கதான சார் உள்ள என்னைக் கூப்பிட்டீங்க?"

"எண்ணுற ஆளை நான் எதுக்கும்மா கூப்பிடப் போறேன்?"

பைக்கை உதைத்துக் கிளப்பினார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

அதற்குப் பிறகு சில ஆண்டுகள் கழித்து, அரியலூர்ப் பக்கம் ஒரு ஊரைச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்காக எடுத்தார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னாலும் போய்ப் பார்க்க அங்கே எதுவும் இல்லை. எடுக்கும் நிலத்தை அளந்து கொடுக்கும் வேலை எங்களுக்கு வந்தது. மூன்று ஊர்களின் எல்லைகள் கூடும் இடத்தில் ஒரு பெரிய கல் இருந்தது. அந்தக் கல்லிலிருந்து, ஊர் ஏரியில் மிஞ்சிய நீர் வழியும் கலிங்கு வரை ஒரு கோடு. கோட்டுக்கு மேற்கே இருப்பது சுரங்கத்துக்கு, கிழக்கே இருப்பது ஊர்க்காரர்களுக்கு. சங்கிலி போடுமுன் சார் அந்தக் கோட்டைத் தப்படி வைத்துப் பார்க்கக் கிளம்பினார். நான் பக்கவாட்டில் போனேன்.

அளவர் நடந்தால் ஊரே பின்னால் நடக்கும். இது எல்லா ஊரிலும் வழக்கம்தான். ஆனால் அன்று வந்த கூட்டம் மாதிரி நான் பார்த்ததில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண்கள், கோல் ஊன்றியவர்கள், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் என்று அத்தனை பேரும் சாருக்குப் பின்னால் பத்தடி விட்டு, வெறுங்காலோடு, சத்தம் போடாமல் வந்தார்கள். அவர் கால் எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கம் வீடு போகும் அல்லது நிற்கும். வீடுகள் நெருங்கி வந்த இடத்தில் ஒரு அம்மாள் மட்டும் பொறுக்க முடியாமல் கூப்பிட்டாள்.

"சார், ஏ சார், எங்க வூடு உள்ள வருதா, வெளிய நிக்கிதா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க சார்."

சார் திரும்பவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது முறை குரல் உடைந்துவிட்டது. சாரின் உதடு மட்டும் எண்ணிக்கையில் அசைந்துகொண்டிருந்தது. கலிங்கைத் தொட்டு, எண்ணைச் சொல்லி, நான் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அவர் திரும்பினார். கூட்டம் அப்படியே நின்றது. அந்த அம்மாள் மட்டும் பாதி வழியிலேயே, தன் வீட்டு வாசலுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வீடு உள்ளேதான் வந்தது. கிழக்கே விட்டுவைத்த வீடுகளும் நிலைக்கவில்லை. சில வருடங்களில் வெடிச் சத்தத்திலும் தூசியிலும் அவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் சார் கிளாஸைக் கையில் வாங்கினார். "அந்தம்மா கூப்பிட்டது நல்லாவே காதுல வுழுந்துச்சும்மா" என்றார். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

இனி அந்த நாள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. சார் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. அரியலூருக்கு வெளியே, அந்த மூன்று ஊர் எல்லைக் கல்லுக்குப் பக்கத்திலேயே மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். ஏன் சார் இங்கே என்று கேட்டதற்கு, "மனை வெல கம்மி" என்றார். வீட்டுக்காரம்மா காலமான பிறகு மகள் மல்லிகா வந்து கூட இருந்தாள். கடைசி மூன்று வருடங்களாக அவருக்கு மறதி நோய். என்னைப் பார்த்தால் சில நாள் "வாம்மா" என்பார், சில நாள் தபால்காரர் என்று நினைத்துக் கையை நீட்டுவார். கட்டிலிலிருந்து குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவார். அரை எட்டுகூட வராது, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர்வார். அந்தக் காலைப் பார்க்க முடியாமலேயே நான் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அன்று பக்கத்துக் கிராமத்தில் ஒரு உட்பிரிவு அளந்துகொண்டிருந்தேன். கோடை. முற்பகலிலேயே தரை தகித்தது. மல்லிகா போன் செய்தாள்.

"அக்கா, அப்பாவக் காணோம்க்கா. கஞ்சி குடுத்துட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனேன். வந்து பாத்தா கட்டில் காலியா கெடக்கு."

கருவியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். தெருவே கூடியிருந்தது. போலீஸ் சப் இன்ஸ்பெக்டர் ஒருவர், பொறுமையானவர், ஆட்களைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். கிணறுகளை முதலில் பாருங்கள், பிறகு புதர், பிறகு பூட்டிய வீடுகள் என்றார். "செவுத்தப் புடிச்சு நடக்குறவரு. அரை மணி நேரம்தான் ஆவுது. எப்படிப் பாத்தாலும் இந்த நாலு தெருவத் தாண்டியிருக்க முடியாதுங்க மேடம்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. நானாக இருந்தாலும் அந்த வட்டத்தைத்தான் போட்டிருப்பேன். ஆட்கள் நாலா பக்கமும் சாரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு என்னவோ பின்வாசலைப் பார்க்கத் தோன்றியது. கதவு திறந்திருந்தது. வெளியே அந்த எல்லைக் கல். அதன் தலையில் படிந்திருந்த தூசியில் ஒரு உள்ளங்கை வைத்த தடம். அதற்கப்பால் சுண்ணாம்பு கலந்த வெள்ளை மண், பிறகு சீமைக் கருவேலம்.

அவர் எண்ணுகிறாரோ என்று அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. எண்ணினால் குதிகால் குழி இருக்கும். தேய்த்து நடக்கும் காலுக்கு நூறு எட்டு என்பது முப்பது மீட்டருக்குள் முடிந்துவிடும். அந்தத் தூரத்துக்குள் குனிந்து குனிந்து தேடினேன். ஒன்றும் இல்லை. ஐம்பது மீட்டர் போனேன். இல்லை. என் புத்தி இப்படிப் போயிற்றே என்று திரும்ப நினைத்து, சரி, இன்னும் கொஞ்சம் என்று நடந்தேன். அங்கே கிடந்தது. வலது குதிகாலை அழுத்தி ஒரே திருகு. ஓரம் சரியாத புதுக் குழி.

வெயிலில் நின்றுகொண்டிருந்த எனக்கு உடம்பு சில்லிட்டது. நான் தேடிய இடம் தப்பில்லை. தேடிய மனிதர் வேறு.

அந்தக் குழியிலிருந்து அடுத்த குழி வரை எண்ணி நடந்தேன். நூற்றிருபதைத் தாண்டியது. அப்போதுதான் நினைவு வந்தது: இது என் பயந்த எட்டு. அதைக் கழித்தேன். நூற்றுப் பதினைந்து வந்தது. அது சாரின் பழைய தப்படி. காலையில் சுவரைப் பிடித்துக் குளியலறைக்குப் போனவர், கதவைத் தாண்டியதும் நாற்பது வயதுக் காலோடு போயிருக்கிறார். இதை எப்படி என்று இன்றுவரை நான் யாரிடமும் கேட்கவில்லை. டாக்டரிடம்கூட. ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவார் என்ற பயம்.

கல், முதல் குழி, இரண்டாவது குழி மூன்றையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துக் கண்ணால் நீட்டினேன். அது கலிங்குக்குப் போகும் கோடு. கலிங்கு இப்போது இல்லை. ஏரியும் இல்லை. அந்த இடத்தில் சுண்ணாம்புக்கல்லை எடுத்து முடித்துவிட்டுக் கைவிட்ட சுரங்கக் குழி, பனைமர ஆழத்துக்கு. வேலி விழுந்து வெகுநாளாயிற்று. எல்லைக் கல்லிலிருந்து குழியின் விளிம்பு மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே. அவர் புறப்பட்டு அரை மணி. நிமிடத்துக்கு நூறு எட்டு. இன்னும் பத்து நிமிடம் இருந்தால் அதிகம். அவர் மனத்தில் இருக்கும் படத்தில் அங்கே குழி கிடையாது. கலிங்கைத் தொடும்வரை அவர் நிற்க மாட்டார்.

ஓடி வந்து சப் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைத்தான் பார்த்தார், குதிகால் குழியைப் போய்ப் பார்க்கவில்லை.

"நிச்சயமாங்க மேடம்?"

"அவரு காலு எனக்குத் தெரியும் சார்."

அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு போலீஸ்காரரைக் கோட்டின் வழியே ஓடவிட்டார். தான் ஜீப்பை எடுத்துக்கொண்டு பழைய லாரிச் சாலையில் கிளம்பினார். நான் ஸ்கூட்டரில் முன்னால் போனேன். சுரங்க வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் போட்டுச் சங்கிலியால் பூட்டியிருந்தது. ஸ்கூட்டரைச் சாய்த்து அடியில் நுழைத்துவிட்டேன். ஜீப் நின்றுவிட்டது. "நீங்க போங்க, நான் ஓடியாறேன்" என்று அவர் கத்தியது கேட்டது.

விளிம்பு ஓரமாக மண் மேடுகளைக் குவித்து வைத்திருந்தார்கள். கோடு வந்து சேரும் இடத்தில் மட்டும் இரண்டு மேடுகளுக்கு நடுவில் ஒரு சந்து. சந்தைத் தாண்டிப் பத்து எட்டில் தரை முடிந்தது. எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சுவர் நேராக இறங்கி, அடியில் பச்சைத் தண்ணீர், ஓர் அசைவுகூட இல்லாமல். ஒரு குருவிச் சத்தம் இல்லை. உச்சி வெயிலில் என் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. விளிம்பு மண் பொலபொலவென்று உதிர்ந்தது. இங்கே ஒருவரைப் பிடித்து இழுத்தால், அவர் ஒரு உதறு உதறினால், இரண்டு பேரும் போவோம்.

அப்போது காலடிச் சத்தம் கேட்டது. ஆளைக் காணவில்லை, சத்தம் மட்டும். சீராக, கடிகாரம் போல. அதற்குப் பின்னால் இன்னும் நிறைய. மெத்து மெத்தென்று, வெறுங்கால்கள் போல, தாளம் இல்லாமல். குழியின் சுவரில் பட்டுத் திரும்புகிறது, எதிரொலி, என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். தூரத்தில் போலீஸ்காரர் விசில் ஊதினார். சாரின் பெயரைச் சொல்லிக் கத்தினார். காலடிகள் தயங்கவில்லை.

கருவேலத்தை விலக்கிக்கொண்டு சார் வெளியே வந்தார். பனியனும் வேட்டியும், காலில் டயர் செருப்பு. முள் கிழித்துக் கையெல்லாம் ரத்தம். முதுகு நிமிர்ந்திருந்தது. கண் என்னைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. சார், சார் என்று கத்த வேண்டும்போல நாக்கு துடித்தது. கூப்பிட்டுப் பயனில்லை என்பது உலகத்தில் யாரைவிடவும் எனக்கு நன்றாகத் தெரியும். கூப்பிட்டால் நிற்காதவர் எதற்கு நிற்பார்? முன்னால் கல் இருந்தால் நிற்பார்.

ஸ்கூட்டரில் கட்டியிருந்த கருவியின் கம்பத்தை உருவினேன். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கம்பம், கல் இல்லாத முனையில் நாங்கள் ஊன்றும் பழைய கொடிக்கம்பம் போலவேதான் இருக்கும். சந்தின் நடுவில் அதை ஊன்றி, கோட்டின் முனையில் ஆள் நிற்கும் முறைப்படி விறைத்து நின்றேன். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். என் பின்னால் பத்து எட்டில் பள்ளம். அவர் வரும் வேகத்தைப் பார்த்து, நிற்காவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டு விழ வேண்டியதுதான். அழுகை வந்தது. அழுதால் கம்பம் ஆடும் என்று அடக்கிக்கொண்டேன்.

அவர் பார்வை கம்பத்தின்மேல் விழுந்தது. நடை ஒரு நூல் அளவு திரும்பி, நேரே என்னிடம் வந்தது. அதே வேகம். முகத்துக்கு நேரே வந்து, கையை நீட்டி, கம்பத்தின் தலையில் உள்ளங்கையை வைத்தார். நின்றார்.

ஒரு எண்ணைச் சொன்னார். நான் வழக்கப்படி அதைத் திருப்பிச் சொன்னேன். தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா செல்வி."

"சொல்லுங்க சார்."

"பின்னாடி வராங்க பாரு. ரொம்ப நேரமா கூப்பிட்டுக்கிட்டே வராங்க. நான் திரும்பல. அவங்களுக்குக் கணக்குத் தெரியாது, எங்க நிக்கணும்னு தெரியாது. அவங்களையும் நிப்பாட்டும்மா."

அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். வெள்ளை மண். கானல் ஆடிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் இன்னும் கருவேலத்துக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அங்கே யாரும் இல்லை. ஆனால் சார் என் எதிரே அசையாமல் நின்றிருந்தார், நானும் நின்றிருந்தேன், அந்த மெத்து மெத்து மட்டும் நிற்கவில்லை. கிட்டே வந்துகொண்டிருந்தது.

நான் கம்பத்தை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் பார்த்தபடி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, குறுக்காக வைத்துக் காட்டினேன். கோட்டில் வருகிறவர்களை நிறுத்த நாங்கள் காட்டும் சைகை அது.

சத்தம் நின்றது.

சார் திரும்பிப் பார்க்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை கனத்துக்கொண்டே வந்து, கால்கள் மடங்கி, அவரை மண்ணில் உட்கார வைத்தேன்.

"எல்லாரும் நின்னுட்டாங்களா?" என்றார்.

"எல்லாரும் நின்னுட்டாங்க சார்" என்றேன். பொய் சொன்னதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.